நோயாளிகளில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள் என்றால் ஊசி பலன் தரவில்லையா?

வாசகர் கேள்வி – பதில்

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, கக்குவான் இருமல் போன்ற நோய்கள் தடுப்பூசி இருந்தும் அவ்வப்போது தலைகாட்டிப் பரவுகின்றன. அப்படிப் பரவும்போது ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நோய் வரும் வாய்ப்பை எப்படி அளப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்குத் தொற்றுநோயியல் குழுவினர் இங்கே பதில் தருகிறார்கள். பள்ளி, விடுதி என்று பொதுவாக வரும் கணக்குகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஊரும் ஆண்டும் சொல்லியிருப்பவை உண்மையில் நடந்தவை.

கேள்வி: 600 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் தட்டம்மை பரவி 40 பேருக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 24 பேர் தடுப்பூசி போட்டவர்கள். போட்டவர்களுக்கே அதிகம் வருகிறது என்றுதானே இதற்கு அர்த்தம்?

பதில்: இல்லை. 24 என்ற எண்ணை எதால் வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறிவிடும். 24ஐ 40ஆல் வகுத்தால் 60 சதவீதம் வரும். அது நோயாளிகளில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள் என்ற கேள்விக்குப் பதில். நமக்கு வேண்டிய கேள்வி வேறு: ஊசி போட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, போடாத பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வந்தது?

அந்தப் பள்ளியில் 570 பேர் ஊசி போட்டவர்கள், 30 பேர் போடாதவர்கள் என்று கொள்வோம். போட்டவர்களில் 24 பேருக்கு நோய். 24ஐ 570ஆல் வகுத்தால் 4.2 சதவீதம். போடாத 30 பேரில் 16 பேருக்கு நோய். அது 53.3 சதவீதம். ஒரு குழுவில் நோய்க்கு ஆளாகக்கூடிய எல்லோரிலும் எத்தனை சதவீதம் பேர் நோயுற்றார்கள் என்ற இந்த அளவைத்தான் தாக்கு வீதம் என்கிறோம். 4.2ஐ 53.3ஆல் வகுத்தால் 0.079. போடாதவருக்கு 100 பங்கு அபாயம் என்றால் போட்டவருக்கு ஏறத்தாழ 8 பங்குதான். இதற்கு ஒப்பு அபாயம் என்று பெயர். ஒன்றிலிருந்து அதைக் கழித்து நூறால் பெருக்கினால் ஊசியின் செயல்திறன் கிடைக்கும். இந்தப் பள்ளியில் அது 92.1 சதவீதம்.

நோயாளிகளில் 60 சதவீதம் பேர் ஊசி போட்டவர்கள் என்ற செய்தியும், ஊசி 92 சதவீதம் காத்தது என்ற கணக்கும் ஒரே பள்ளியின் ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. இரண்டும் சரி. பள்ளியில் நூற்றுக்கு 95 பேர் ஊசி போட்டவர்களாக இருப்பதால்தான் நோயாளிகளிலும் அவர்கள் அதிகமாகத் தெரிகிறார்கள். 600 பேரும் போட்டிருந்தால், வரும் ஓரிரு நோயாளிகளில் நூற்றுக்கு நூறு பேரும் ஊசி போட்டவர்களாகவே இருப்பார்கள். ஊசி போடாதவர்கள் எத்தனை பேர் என்று சொல்லாமல் நோயாளிகளின் சதவீதத்தை மட்டும் அச்சிடும் செய்தியைப் படித்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பாதிக் கணக்கு அது.

கேள்வி: 92 சதவீதம் என்றால், ஊசி போட்ட என் பிள்ளைக்கு நோய் வர 8 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அதே சூழலில், ஊசி போடாத பிள்ளைக்கு இருக்கும் வாய்ப்பில் 8 சதவீதம்தான் உங்கள் பிள்ளைக்கு என்று பொருள். மேலே சொன்ன பள்ளியில் போடாதவரின் வாய்ப்பு 53.3, போட்டவரின் வாய்ப்பு 4.2. நோயே நுழையாத பள்ளியில் இரண்டும் பூஜ்யம். ஊசியின் செயல்திறன் என்பது ஒரு விகிதம். தனி ஒருவரின் அபாயம் அந்த இடத்தில் நோய் எவ்வளவு பரவுகிறது என்பதையும் சேர்த்தே அமையும்.

கேள்வி: சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் பொறுப்பில் உள்ள பள்ளியில் பரவல் வந்தால் இந்தக் கணக்கை நாங்களே செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முடியும். வகுத்தல் கடைசி வேலை, அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். யாரை எண்ணுவது, யாரை விடுவது என்பதை முடிவு செய்வதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது, பிழைகளும் அங்கேதான் நுழைகின்றன.

முதலில், யாரை நோயாளி என்று கொள்வது என்பதை எழுதி வையுங்கள். தட்டம்மைக்கு, காய்ச்சலும் உடலெங்கும் சிவந்த தடிப்பும், அவற்றோடு இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் இவற்றில் ஒன்றும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வரையறையை ஊசி அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஊசி போட்டவருக்கு ஒரு வரையறை, போடாதவருக்கு ஒன்று என்று தெரியாமலே வழுக்கிவிடுவது எளிது. 1915இலேயே மேஜர் கிரீன்வுட், உத்னி யூல் என்ற இரு புள்ளியியலாளர்கள் டைபாய்டு, காலரா ஊசிகளின் பலனை ஆராய்ந்தபோது மூன்று நிபந்தனைகள் விதித்தார்கள். இரு குழுவினரும் முக்கியமான எல்லா வகையிலும் ஒத்தவர்களாக இருக்க வேண்டும். நோயை எதிர்கொள்ளும் வாய்ப்பு இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும். ஊசி போட்டாரா என்பதைத் தீர்மானிப்பதும் நோய் வந்ததா என்பதைத் தீர்மானிப்பதும் ஒன்றை ஒன்று சாராமல் நடக்க வேண்டும். இன்றைக்கும் ஒரு பரவல் அறிக்கை கையில் வந்தால் நாங்கள் முதலில் தேடுவது இந்த மூன்றைத்தான்.

ரத்தப் பரிசோதனையிலும் கவனம் வேண்டும். தட்டம்மைக்கான ஐ.ஜி.எம். (தொற்று வந்ததும் ரத்தத்தில் முதலில் தோன்றும் எதிர்ப்புப் புரதம்) பரிசோதனை, தடிப்பு தோன்றிய முதல் மூன்று நாட்களில் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். முன்பே ஊசி போட்டவர்களுக்கு ஐ.ஜி.எம். குறைவாகச் சுரக்கலாம், சீக்கிரம் மறைந்தும் போகலாம். ஐ.ஜி.எம்.மை மட்டும் நம்பினால் ஊசி போட்ட நோயாளிகள் சிலர் பட்டியலிலிருந்து நழுவி, ஊசி உண்மையைவிட நன்றாக வேலை செய்ததுபோல் தெரியும். அதனால் தொண்டைச் சளி மாதிரியும் எடுத்து, வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அடுத்தது லைன் லிஸ்ட், அதாவது ஆளுக்கொரு வரியாக விவரம் எழுதும் பட்டியல். நோயுற்ற 40 பேருக்கு மட்டும் அதைப் போட்டு நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வருகைப் பதிவேட்டில் உள்ள 600 பேருக்கும் ஆளுக்கொரு வரி வேண்டும். பெயருக்குப் பதில் ஒரு குறியீடு, பிறந்த தேதி, வகுப்பும் பிரிவும், முதல் டோஸ் தேதி, இரண்டாம் டோஸ் தேதி, அந்தத் தேதிக்கு ஆதாரம் அட்டையா பதிவேடா வாய்மொழியா, முன்பு இந்த நோய் வந்ததா, காய்ச்சல் தொடங்கிய தேதி, தடிப்பு தோன்றிய தேதி, மாதிரி எடுத்த தேதி, முடிவு. இவ்வளவு போதும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதாமல் தேதியாகவே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எப்போது போட்டார் என்பது தெரியாவிட்டால் யாரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாது.

பிறகு சிலரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். நோயை வெளியிலிருந்து கொண்டுவந்த முதல் நோயாளி இந்தப் பள்ளியில் நோய் பெறவில்லை. அவரை வகுத்தலின் மேலே நோயாளிகளிலும் எண்ணக்கூடாது, கீழே மொத்தப் பேரிலும் எண்ணக்கூடாது. ஏற்கெனவே தட்டம்மை வந்தவர்களையும் விட வேண்டும், அவர்களுக்கு மறுபடி வருவது மிக அரிது. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1846இல் தட்டம்மை நுழைந்தபோது சுமார் 7,800 பேரில் 6,000 பேர் வரை படுத்தார்கள். ஆனால் 1781இல் அங்கே பரவிய தட்டம்மையில் நோயுற்றுப் பிழைத்திருந்த முதியவர்கள் ஒருவருக்கும் அது திரும்ப வரவில்லை என்று மருத்துவர் பீட்டர் பானம் பதிவு செய்தார். 65 ஆண்டுகள் கழித்தும் காப்பு நின்றது. இப்படிப்பட்டவர்கள் ஊசி போடாதவர் பட்டியலில் கலந்திருந்தால் அந்தக் குழுவின் தாக்கு வீதம் பொய்யாகக் குறையும், ஊசியின் செயல்திறனும் அதோடு குறைந்து தெரியும். ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைகளையும் சேர்க்காதீர்கள். அவர்களில் போட்டவரே இல்லை என்பதால் ஒப்பிட ஆளில்லை.

இனி தேதி விஷயம். தட்டம்மை நோயாளி, தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து தோன்றிய பின் 4 நாள் வரை பிறருக்குத் தொற்றுவார். ஆகவே முதல் நோயாளிக்குத் தடிப்பு வந்த நாளிலிருந்து நான்கு நாள் பின்னே போனால், பள்ளியில் தொற்று நுழைந்த நாள் கிடைக்கும். அந்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பு ஊசி போட்டிருந்தவர் மட்டுமே ‘போட்டவர்’. ஊசிக்குப் பிறகு உடல் காப்பை உண்டாக்கிக்கொள்ள அவ்வளவு அவகாசம் வேண்டும்.

ஒரு டோஸ் போட்டவர்களையும் இரண்டு டோஸ் போட்டவர்களையும் தனித்தனியாக வையுங்கள். தட்டம்மைக்கு ஒரு டோஸ் சுமார் 93 சதவீதமும் இரண்டு டோஸ் சுமார் 97 சதவீதமும் காக்கும். பார்வைக்குச் சிறிய வித்தியாசம். ஆனால் காப்பு இல்லாமல் மிஞ்சுபவர்கள் நூற்றுக்கு 7 என்பதிலிருந்து 3 ஆகக் குறைகிறார்கள், அதாவது பாதிக்கும் கீழே.

கடைசியாக, நோய் எட்டிக்கூடப் பார்க்காத வகுப்புகள். ஐந்தாம் வகுப்புகளில் மட்டும் நோய் சுற்றி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேறு கட்டடத்தில் தனியாக இருந்திருந்தால், அவர்களையும் சேர்த்து வகுப்பதில் பொருளில்லை. நோயை எதிர்கொண்ட பிரிவுகளை மட்டும் எடுங்கள், அல்லது பிரிவு வாரியாகத் தனித்தனிக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: பரவல் தொடங்கிய பிறகு பள்ளியிலேயே முகாம் வைத்து ஊசி போட்டோம். அவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பதில்: இந்த இடத்தில்தான் அனுபவமுள்ளவர்களே சறுக்குகிறார்கள். முகாமுக்கு முன்பே நோயுற்ற பிள்ளைக்கு முகாமில் ஊசி போடமாட்டீர்கள். ஆகவே தொடக்க நாட்களின் நோயாளிகள் எல்லோரும் தாமாகவே ‘போடாதவர்’ பக்கம் விழுவார்கள். முகாம் வரை நோயின்றி இருந்தவர்கள்தான் ‘போட்டவர்’ ஆக முடியும். பரவலின் முடிவில் நின்றுகொண்டு ‘இன்றைக்கு யார் போட்டவர், யார் போடாதவர்’ என்று பிரித்தால், வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டிருந்தாலும் அது காத்ததுபோல் கணக்கு வரும்.

இதற்கு ஆட்களை எண்ணுவதை விட்டு நாட்களை எண்ண வேண்டும். பரவல் 40 நாள் நீடித்தது, ஒரு பிள்ளைக்கு 10ஆம் நாள் ஊசி போட்டார்கள் என்று வையுங்கள். அந்தப் பிள்ளை முதல் 10 நாளைப் போடாதவர் கணக்கில் தருகிறது. அடுத்த 14 நாள் எந்தக் கணக்கிலும் இல்லை. மீதி 16 நாள் போட்டவர் கணக்கில். நோய் வந்தால் வந்த நாளோடு எண்ணிக்கை நின்றுவிடும். இப்படி எல்லாப் பிள்ளைகளின் நாட்களையும் கூட்டி, ஒவ்வொரு பக்கமும் 1,000 ஆள்-நாளுக்கு எத்தனை நோயாளிகள் என்று பார்த்து ஒப்பிடுங்கள். நோய் பரவும் வேகம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒவ்வொரு வாரத்துக்கும் தனியாகப் பார்ப்பது இன்னும் நல்லது. அவ்வளவு செய்ய வசதியில்லை என்றால், முகாமில் ஊசி போட்டவர்களை முழுவதும் ஒதுக்கிவிட்டு, பரவலுக்கு முந்தைய நிலையை மட்டும் வைத்துக் கணக்கிடலாம். எண் சிறிதாகும், ஆனால் பொய்யாகாது.

முகாமுக்குப் பின் வரும் தடிப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தட்டம்மை ஊசியே சிலருக்கு 7 முதல் 12 நாளுக்குள் காய்ச்சலும் தடிப்பும் தரலாம், ஐ.ஜி.எம்.மையும் உயர்த்தும். முகாமில் ஊசி போட்ட பிள்ளைக்கு ஒன்பதாம் நாள் தடிப்பு வந்தால், வைரஸின் மரபணு வகையைப் பார்த்தால்தான் அது ஊசியினாலா நோயினாலா என்று தெரியும். ஊசியில் உள்ளது ‘ஏ’ வகை. பரிசோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பும்போது ஊசி போட்ட தேதியையும் சீட்டில் எழுதுங்கள்.

கேள்வி: பல வீடுகளில் ஊசி அட்டை தொலைந்துவிட்டது. அட்டை இல்லாதவரைப் போடாதவர் என்று எழுதுவதுதானே பாதுகாப்பானது?

பதில்: சிகிச்சைக்கு அது பாதுகாப்பானதாக இருக்கலாம், கணக்குக்கு இல்லை. முதலில் பார்த்த பள்ளியையே எடுப்போம். 570 பேரில் அட்டை உள்ளவர்கள் 510 பேர்தான், அவர்களில் 18 பேருக்கு நோய். 60 பேருக்கு அட்டை இல்லை, அவர்களில் 6 பேருக்கு நோய். போடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் 30 பேர், அவர்களில் 16 பேருக்கு நோய்.

நிலை தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால் செயல்திறன் 93.4 சதவீதம். அட்டை இல்லாத 60 பேரையும் போட்டவர்களாகக் கொண்டால் 92.1. அவர்களைப் போடாதவர்கள் பக்கம் தள்ளினால் போடாதவர் தாக்கு வீதம் 90க்கு 22 ஆகி, செயல்திறன் 85.6 ஆக இறங்குகிறது. ஊசியும் மாறவில்லை, நோயும் மாறவில்லை, அலமாரியில் தொலைந்த அட்டைதான் எட்டு சதவீதத்தைத் தின்றது. மூன்று விதமாகவும் கணக்குப் போட்டு மூன்றையும் அறிக்கையில் எழுதுங்கள். மூன்றும் பக்கம் பக்கமாக இருந்தால் நிம்மதி. தூரமாக இருந்தால் அட்டைகளைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

தேடும்போது இரு பக்கமும் சமமாகத் தேட வேண்டும். நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்கு மூன்று முறை போய் அட்டையைக் கண்டுபிடித்துவிட்டு, நலமாக உள்ள பிள்ளையிடம் வகுப்பறையில் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு விட்டால், இரு குழுக்களின் தகவலும் ஒரே தரத்தில் இருக்காது. பதிவேடு, மருத்துவமனைக் கோப்பு, பள்ளிச் சேர்க்கைப் படிவம் எதுவானாலும் எல்லோருக்கும் ஒரே வரிசையில் பாருங்கள்.

எவ்வளவு நன்றாக விசாரித்தாலும் நிலை தெரியாதவர்கள் இருக்கவே செய்வார்கள். 2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னி பூங்காக்களிலிருந்து பரவிய தட்டம்மையில், அந்த மாநிலத்தில் முதலில் தொகுத்த 110 நோயாளிகளில் 47 பேரின் ஊசி நிலை தெரியவில்லை அல்லது ஆதாரம் இல்லை. அவர்களை எந்தப் பக்கத்திலும் திணிக்காமல் தனி வரியாகவே வெளியிட்டார்கள். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: முழுப் பட்டியல் இல்லை. நோயாளிகளில் எத்தனை சதவீதம் ஊசி போட்டவர்கள் என்பதும், ஊரில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்பதும் மட்டுமே தெரியும். அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: முதல் மதிப்பீடு ஒன்று சொல்லலாம். நோயாளிகளில் போட்டவர்களின் பங்கைப் போடாதவர்களின் பங்கால் வகுங்கள். ஊரில் போடாதவர்களின் பங்கைப் போட்டவர்களின் பங்கால் வகுங்கள். இரண்டையும் பெருக்கி ஒன்றிலிருந்து கழியுங்கள். நம் பள்ளிக்கு 60ஐ 40ஆல் வகுத்தால் 1.5, 5ஐ 95ஆல் வகுத்தால் 0.0526. பெருக்கினால் 0.079. செயல்திறன் அதே 92.1.

திருப்பிப் போட்டுப் பார்ப்பதும் உதவும். 90 சதவீதம் காக்கும் ஓர் ஊசியை ஊரில் பாதிப் பேர் போட்டிருந்தால் நோயாளிகளில் 9 சதவீதம் பேர் போட்டவர்களாக இருப்பார்கள். 80 சதவீதம் பேர் போட்டிருந்தால் அது 29. 90 என்றால் 47. 95 என்றால் 66. இந்த நான்கு எண்களையும் மேசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளில் போட்டவர்களின் பங்கு இவற்றைவிட நன்றாக மேலே போனால், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டையும் மருந்தின் தொகுதி எண்ணையும் போய்ப் பாருங்கள். குளிர்ச்சி விட்டுப்போன மருந்து போடப்பட்டிருந்தால் இப்படித்தான் முதலில் வெளியே தெரியும்.

இந்த முறையின் பலவீனம் ஊர்ச் சதவீதத்தில் இருக்கிறது. நம் பள்ளியில் போட்டவர்கள் 95 அல்ல, 90 சதவீதம்தான் என்று எழுதிவிட்டால் செயல்திறன் 83.3 ஆகிவிடும். 98 என்று எழுதினால் 96.9. ஊசி போட்டோர் எண்ணிக்கையில் சில சதவீதப் பிழை, முடிவை இந்த அளவு ஆட்டிவைக்கும்.

2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ப்ராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் கூடிய கூட்டங்களிலிருந்து கோவிட் பரவியது. அந்த மாநிலவாசிகளில் 469 பேருக்குத் தொற்று, அவர்களில் 346 பேர், அதாவது 74 சதவீதம், முழுமையாக ஊசி போட்டவர்கள். மாநிலத்தில் தகுதியுள்ளவர்களில் ஊசி போட்டவர்கள் 69 சதவீதம். மேலே சொன்ன சூத்திரத்தில் இந்த இரண்டையும் போட்டால் செயல்திறன் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. ஆனால் 69 என்பது மாநிலம் முழுவதற்குமான எண். அந்தக் கோடைக் கூட்டங்களுக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஊசி போட்டிருந்தார்கள் என்பதை அது சொல்லாது. நோயாளிகள் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார்களோ அந்தக் கூட்டத்தின் சதவீதத்தைத்தான் போட வேண்டும், வயதும் பொருந்தியிருக்க வேண்டும். ஊசியின் திறனைப் பற்றி முடிவு சொல்ல இந்தத் தரவு போதாது என்று அறிக்கையை வெளியிட்டவர்களே அதில் எழுதியிருந்தார்கள். அந்த வரியை மேற்கோள் காட்டியவர்கள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

கேள்வி: ஊசி போடாதவர்கள் எல்லோரையும் ஒரே குழுவாக வைத்து ஒப்பிடுவது சரியா?

பதில்: பல சமயம் சரியில்லை. 1954இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியை லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் சோதித்தார்கள். அது பரவல் விசாரணை அல்ல, திட்டமிட்ட சோதனை. என்றாலும் இந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை. பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. சம்மதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் மூன்றாவது குழு. மருந்து பெற்றவர்களில் லட்சத்துக்கு 28 பேருக்குப் போலியோ வந்தது. வெற்று ஊசி பெற்றவர்களில் 71. சம்மதிக்காதவர்களில் 46.

கடைசி இரு குழுவும் மருந்து பெறாதவர்கள்தான். ஆனாலும் 71க்கும் 46க்கும் எவ்வளவு தூரம்! சம்மதித்த குடும்பங்கள் சராசரியாக வசதியானவை. வசதி குறைந்த வீடுகளின் பிள்ளைகள், தாயிடமிருந்து பெற்ற காப்பு இன்னும் இருக்கும் கைக்குழந்தைப் பருவத்திலேயே போலியோ வைரஸைச் சந்தித்து, நோயில்லாமலே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தார்கள் என்பது இதற்கு ஏற்கப்பட்ட விளக்கம். 28ஐ 46உடன் ஒப்பிட்டால் செயல்திறன் 39 சதவீதம். தகுந்த ஜோடியான 71உடன் ஒப்பிட்டால் 61. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் மட்டும் வந்த வித்தியாசம் இது.

பரவலின் நடுவே நாம் குலுக்கல் போட்டு ஊசி போட முடியாது. செய்யக்கூடியது, வயதும் வசிப்பிடமும் ஒத்தவர்களை ஒத்தவர்களோடு ஒப்பிடுவது. வயதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்ரேலின் 2021 ஆகஸ்ட் கோவிட் எண்களைப் பாருங்கள். கடும் நோயால் மருத்துவமனையில் இருந்தவர்கள், மொத்தமாகப் பார்த்தால் ஊசி போடாத லட்சம் பேருக்கு 16.4, போட்ட லட்சம் பேருக்கு 5.3. செயல்திறன் சுமார் 68 சதவீதம். ஐம்பது வயதுக்குக் கீழே மட்டும் பார்த்தால் 3.9க்கு 0.3, அதாவது 92 சதவீதம். ஐம்பதுக்கு மேலே 91.9க்கு 13.6, அதாவது 85 சதவீதம். இரண்டு பகுதியிலும் 85க்குக் குறையாத திறன், சேர்த்துப் பார்த்தால் 68 ஆகிவிடுகிறது! போடாதவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள், அவர்களுக்குக் கடும் நோய் வருவது இயல்பிலேயே குறைவு. போட்டவர்களில் முதியவர்கள் நிறைந்திருந்தார்கள். வயதுவாரியாகப் பிரிக்காத எந்தக் கணக்கையும் வெளியே விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் விடுதியில் 44 பேர்தான். ஊசி போட்ட 40 பேரில் 5 பேருக்கும் போடாத 4 பேரில் 3 பேருக்கும் பொன்னுக்கு வீங்கி. செயல்திறன் 83 சதவீதம் என்று அறிக்கை எழுதலாமா?

பதில்: எழுதலாம், கூடவே நம்பக இடைவெளியையும், அதாவது உண்மையான செயல்திறன் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்கக்கூடும் என்பதையும், எழுத வேண்டும். போடாத நால்வரில் இன்னொருவருக்கும் வந்திருந்தால் 87.5, ஒருவர் குறைந்திருந்தால் 75, இருவர் குறைந்திருந்தால் 50. ஒரே ஒரு பிள்ளை முடிவை இப்படி மாற்றுகிறது.

இடைவெளியைக் கையாலேயே கணக்கிடலாம். ஐந்தில் ஒன்று, அதிலிருந்து நாற்பதில் ஒன்றைக் கழித்து, மூன்றில் ஒன்றைக் கூட்டி, நான்கில் ஒன்றைக் கழியுங்கள்: 0.258. அதன் வர்க்கமூலம் 0.508. அதை 95 சதவீத இடைவெளிக்கு உரிய எண்ணான 1.96ஆல் பெருக்கினால் 0.996. ஒப்பு அபாயம் 0.1667இன் இயல் மடக்கை –1.792. அதோடு 0.996ஐக் கூட்டியும் கழித்தும், மடக்கையை நீக்கினால் 0.062, 0.451. ஆக 95 சதவீத நம்பக இடைவெளியில் செயல்திறன் 55 முதல் 94 வரை. இவ்வளவு சின்ன எண்களில் இதுவும் ஒரு தோராயம்தான். 600 பேர் பள்ளிக்கு இதே கணக்கைப் போட்டால் 87 முதல் 95 வரை மட்டுமே விரியும்.

கேள்வி: ஊசி போட்டவர்களுக்கு நோய் லேசாக வருவதால் அவர்கள் கணக்கில் விடுபட மாட்டார்களா?

பதில்: விடுபடுவார்கள். ஊசி போட்டவருக்கு வரும் சின்னம்மையில் பெரும்பாலும் 50 கொப்புளத்துக்கும் குறைவு, பல சமயம் நீர் கோக்காத சிறு தடிப்பாகவே இருக்கும். அட்டையைப் பார்த்த மருத்துவரும் பூச்சிக் கடி என்று சொல்லி அனுப்பிவிடலாம். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒரே வினாத்தாளை அனுப்புங்கள். ‘எந்தத் தடிப்பாவது வந்ததா, எத்தனை இருக்கும்’ என்று இருசாராரிடமும் ஒரே சொற்களில் கேளுங்கள். லேசான நோய், கடுமையான நோய் இரண்டுக்கும் தனித்தனியாகச் செயல்திறன் கணக்கிட்டால் முழுப் படம் கிடைக்கும்.

கேள்வி: பள்ளி கிடைக்காத இடத்தில் வீடுகளை வைத்துக் கணக்கிடலாம் என்கிறார்களே?

பதில்: நல்ல முறை. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் நோயைச் சமமாகச் சந்திப்பார்கள். வீட்டின் முதல் நோயாளியை விட்டுவிடுங்கள். தட்டம்மை என்றால், அவருக்குத் தடிப்பு வந்து 7 முதல் 18 நாளுக்குள் நோயுற்றவர்களை மட்டும் எண்ணுங்கள். அதற்கு முன்பே படுத்தவர், முதல் நோயாளியோடு சேர்ந்து வெளியில் தொற்று வாங்கியவராக இருக்கலாம், அவரையும் விட்டுவிடுங்கள். பல வீடுகளிலிருந்து இப்படித் திரட்டி, போட்டவர் பக்கமும் போடாதவர் பக்கமும் தாக்கு வீதம் பாருங்கள். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை தட்டம்மையால் படுப்பார்கள் என்பதால் சில டஜன் வீடுகளே நல்ல எண்ணைத் தரும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டில் தொற்று இரவும் பகலும் நெருக்கமாகத் தாக்குகிறது. ஊசியின் காப்பு எல்லோருக்கும் பாதியளவு, முக்காலளவு என்று அமைந்திருந்தால், திரும்பத் திரும்ப வரும் தாக்குதலில் அது உடைந்து, பள்ளியில் கிடைத்ததைவிடக் குறைந்த செயல்திறன் கிடைக்கும். இரண்டு எண்ணும் வேறுபட்டால் ஒன்று தவறு என்று அடித்துவிட வேண்டாம், எது எங்கே அளந்தது என்று குறித்து இரண்டையும் வையுங்கள்.

கேள்வி: கணக்கை எப்போது மூடுவது?

பதில்: தட்டம்மை என்றால், கடைசி நோயாளிக்குத் தடிப்பு தோன்றி 42 நாள் புதிதாக யாருக்கும் வராதபோது. தொற்று நுழைந்து தடிப்பு வெளிப்பட அதிகபட்சம் 21 நாள் ஆகும், அதன் இரு மடங்கு இது. அதற்கு முன் யாராவது எண் கேட்டால் கொடுங்கள், ‘இடைக்காலக் கணக்கு’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.